திருப்பிக் கொடுத்த வயலின்

“டீச்சர், நான் ஒட்டுற எதுவும் பேச மாட்டேங்கு.”

அதிசயராஜ் இப்படிச் சொன்னபோது அமலா ஒரு ஹார்மோனியத்தின் துருத்தியைத் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. உட்காரச் சொல்லிக் கையை மட்டும் காட்டினாள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு முப்பத்தெட்டு. பஸ் டிப்போ வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, பழைய வாத்தியங்களைச் சரிசெய்யும் வேலையை அவளிடம் இரண்டு வருடம் கற்றுக்கொண்டவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

தை மாதம் பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு கடை போட்டார். பழைய வயலின், கிதார், ஹார்மோனியம் எல்லாம் வாங்கிச் சரிசெய்து விற்றார். கூடவே மியூசிக் ஷீட்டுகளும் வைத்தார். வேதக் கோயில் பாடகர் குழுக்காரர்கள் வந்தார்கள். பரீட்சைக்கு வாசிக்கிற பிள்ளைகள் வந்தார்கள்.

பங்குனியில் எதிர் வரிசையில் செல்வின் ஒரு கடை திறந்தார். அதே வியாபாரம். செல்வினும் அமலாவிடம் படித்தவர்தான்.

அன்றைக்குப் பிடித்தது பொறாமை. செல்வின் கடை வாசலில் ஒரு வண்டி நின்றால் அதிசயராஜின் கையில் உளி நின்றுவிடும். யார் இறங்குகிறார்கள், எதை உள்ளே கொண்டுபோகிறார்கள், வெளியே வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். ஆர்கன் வாசித்து ஓய்வுபெற்ற ஒருவர், ஒரு பெட்டி நிறைய மியூசிக் ஷீட்டுகளைச் செல்வினுக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் அதிசயராஜ் சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

இப்போது அமலாவின் முன்னால் உட்கார்ந்ததும் செல்வின் பேச்சைத்தான் எடுத்தார்.

“ஒரே ஊர்ல ரெண்டு பேருக்கு ஏன் டீச்சர் சொல்லிக் கொடுத்தீங்க?”

“ரெண்டு பேரும் கேட்டீங்க.”

பிறகு தன் குறையைச் சொன்னார். வேலை ஓடுகிறது, பசை பிடிக்கிறது, தந்தி நிற்கிறது. ஆனால் வயலினில் வில்லை வைத்தால் மரப்பலகையில் இழுப்பதுபோல் இருக்கிறது.

“எப்போயிருந்து?”

யோசிப்பதுபோல இருந்தார். யோசிக்க வேண்டியதே இல்லை. எந்த நாள் என்றுகூடத் தெரியும்.

அன்று ஹெப்சிபா என்று ஒரு நர்ஸ் அவர் கடைக்கு வந்தாள். மகளின் பரீட்சைக்கு மியூசிக் ஷீட் வேண்டும். தோளில் ஒரு வயலின் பெட்டி. எதிர்க் கடையில் வாங்கியதாகவும், தனக்கு ஒன்றும் தெரியாது, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டாள்.

அவர் எடுத்து வில்லை வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார்.

கடைக்குள் இருந்த அத்தனை வாத்தியங்களும் வெறும் சாமான்களாகிவிட்டன. அப்படி ஒரு சத்தத்தைத் தன்னால் ஒருநாளும் கொண்டுவர முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

“கழுத்து ஒட்டினது சரியில்லம்மா. மூணு மாசம் தாங்காது,” என்றார்.

அவள் அப்போதே சாலையைக் கடந்துபோய் அதைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் அவரிடம் ஒரு வயலின் வாங்கினாள். பேச்சு பரவியது. செல்வின் கடை வாசலில் வண்டிகள் குறைந்தன. ஒரு வாரம் அவருக்கு இனிப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஹெப்சிபாவின் மகள் வாசித்தாள். ஒரு சுரமும் பிசகவில்லை. ஆனால் அவர் விற்ற வயலினின் சத்தம் இரண்டு வரிசை தாண்டி வரவில்லை. மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் திருப்பிக் கொடுத்த அந்த வயலின்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

இதில் எதையும் அவர் அமலாவிடம் சொல்லவில்லை.

“ஒரு மாசம் இருக்கும் டீச்சர்,” என்றார்.

அமலா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து, உள்ளே இருந்த வயலினை அவர் மடியில் வைத்தாள்.

“இதக் கொஞ்சம் பாருங்க அண்ணாச்சி. செல்வின் கொண்டாந்தாரு. கழுத்துல குறைன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். மூணு நாளா பாக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியல.”

மடியில் வைக்கும் முன்பே அது எந்த வயலின் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“யார் சொன்னாங்களாம்?”

“கேட்டேன். விவரம் தெரிஞ்சவங்கன்னு மட்டும் சொன்னாரு.”

கழுத்தடியில் புதுப் பசையின் கோடு இருந்தது. செல்வின் அதை ஒரு தடவை கழற்றிப் பார்த்தாராம், அமலா சொன்னாள். குறை தெரியவில்லை. மறுபடி ஒட்டினாராம். மனசு கேட்காமல் இன்னொரு தடவை கழற்றி ஒட்டினாராம். இது எங்கே பிசகியது என்று தெரியாமல் இன்னொரு வாத்தியத்தைத் தொட மாட்டேன் என்று புது வேலை எதையும் வாங்குவதில்லையாம். கடையை மூடிவிடலாமா என்று அமலாவிடமே கேட்டிருக்கிறார்.

அதிசயராஜ் வில்லை வைத்து இழுத்தார்.

நல்ல சத்தம்தான். ஆனால் அன்று கேட்ட சத்தம் இல்லை. கழற்றி ஒட்டியதில் அது போய்விட்டது.

“உங்க காது என் காதைவிட நல்ல காது,” என்றாள் அமலா. “எங்க குறைன்னு நீங்க சொல்லுங்க.”

அவர் வயலினைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். அவள் தையலைத் தொடர்ந்தாள். ஊசி துருத்தியின் தோலுக்குள் போய் வந்தது.

“இத நான் கொண்டுபோறேன் டீச்சர்.”

“எங்க?”

“செல்வின் கடைக்கு.”

அவள் பெட்டியின் மூடியைத் திறந்து பிடித்தாள்.

செல்வின் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இத்தனை நாளில் அதிசயராஜ் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. குனிந்து உள்ளே போனார். மியூசிக் ஷீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த செல்வின் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெட்டியைப் பார்த்ததும் அவர் கண் அதிலேயே நின்றது.

“டீச்சர் கண்டுபிடிச்சிட்டாங்களா அண்ணாச்சி?”

“டீச்சருக்குத் தெரியல. எனக்குத் தெரியும்.”

செல்வின் மேசை விளக்கைப் போட்டு இழுத்து வைத்தார். எந்த இடம் என்று காட்டச் சொன்னார்.

அதிசயராஜ் பெட்டியைத் திறக்கவில்லை.

“இதுல குறையே இருந்ததில்ல செல்வின். தெரிஞ்சுதான் அந்த நர்ஸம்மாட்ட அப்படிச் சொன்னேன்.”

செல்வின் விளக்கின் மேலிருந்த கையை எடுக்க மறந்து நின்றார். வசவு வரும் என்று அதிசயராஜ் காத்திருந்தார். வந்திருந்தால் நன்றாயிருக்கும்.

“அப்போ,” என்றார் செல்வின், “முதல் தடவயே சரியாத்தான் ஒட்டியிருக்கேன்.”

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் அதிசயராஜ் தரையைப் பார்த்தார்.