அம்பலவாணர் துடுப்புப் போட்ட நாள்

அம்பலவாணருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய குரு செங்கம்மாவுக்கு முப்பத்தைந்து வயது. பரிசல் ஓட்டுகிறவள், எழுதப் படிக்கத் தெரியாது. அவர் "குருவே" என்று கூப்பிடும்போதெல்லாம் கூச்சத்தில் வேறு பக்கம் பார்ப்பாள்.

அக்கரையில் ஒரு பள்ளி தொடங்க வேண்டும், யார் தயவும் இல்லாமல் ஆற்றைக் கடந்து போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு மாதமாகச் செங்கம்மா சொன்னதையெல்லாம் ஓலையில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டார். யானைப் பாறைக்கு இடப்பக்கம் போ. மருதமரம் தெரிந்ததும் வளை. இப்படிப் பதினெட்டு விதிகள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். துடுப்பை மட்டும் கரையோரத் தண்ணீரைத் தாண்டி அவர் போட்டதில்லை.

ஒருநாள் காலை மலையில் பெருமழை. ஆற்று நடுவே இருந்த திட்டுக்குக் கோரை அறுக்க நடந்தே போயிருந்த அவர் மனைவி தையல்நாயகி, வெள்ளம் வந்ததும் அங்கேயே மாட்டிக்கொண்டாள். செங்கம்மாவோ முதல் நாள் வழுக்கி விழுந்து, முறிந்த வலது கைக்குக் கட்டுப் போட்டிருந்தாள். வேறு பரிசல்காரர் பக்கத்தில் இல்லை.

"ஏறுங்க ஐயா. நீங்க துடுப்புப் போடுங்க. நான் பின்னாடி உட்கார்ந்துக்கிறேன்."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

நடு ஆற்றில் பரிசல் சுற்ற ஆரம்பித்தது. யானைப் பாறை இருந்த இடத்தில் வெறும் செந்நீர்தான் ஓடியது.

"பாறையைக் காணோம்! குருவே, இடதா வலதா?"

"தண்ணி என்ன பண்ணுது?"

"எந்தப் பக்கம்னு சொல்லும்மா!"

"தண்ணி என்ன பண்ணுது, ஐயா?"

அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "விதிப்படி இடப்பக்கம்தான்!" என்று கத்திக்கொண்டே அந்தப் பக்கம் துடுப்பை வலித்தார். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரம் ஒன்று அங்கே கிடந்திருக்கிறது. அதன் கிளை பரிசலின் அடியில் உரசியது. பரிசல் சாய்ந்தது. ஒரு குடம் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. திட்டில் தையல்நாயகி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

"கைக்கு என்ன தெரியுது?" என்றாள் செங்கம்மா.

"இழுக்குது. நுரை சுத்துது."

"இன்னொரு பக்கம்?"

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

"அங்கே... தண்ணி நேரா ஓடுது. நுரையே இல்லை."

"ம்."

"போகட்டுமா?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கம் வலித்தார். பரிசல் சுற்றுவதை நிறுத்தியது.

தையல்நாயகியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போதும் செங்கம்மா கேள்விதான் கேட்டாள். வழி சொல்லவே இல்லை. கரையில் மனைவியை இறக்கிவிட்ட பிறகுதான் அம்பலவாணருக்கு வாய் வந்தது. குரு என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"ஒரு மாசம் வாய் ஓயாம சொல்லிக் கொடுத்தே. உயிர் போற நேரத்துல வாயை மூடிக்கிட்டியே! வழி தெரிஞ்சும் எனக்குப் பரீட்சை வெச்சியா? இவ செத்திருப்பா!"

செங்கம்மா இடது கையால் பரிசலில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சை இல்லீங்க ஐயா. நான் சொல்லிக் கொடுத்தது எனக்குத் தெரிஞ்ச ஆறு. இன்னிக்கு வந்த ஆத்தை நானும் இப்பத்தான் பார்க்கிறேன். இடப்பக்கம்னு நீங்க கத்தினப்போ, நான் துடுப்புப் போட்டிருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன்."

அம்பலவாணர் மனைவியின் கையைப் பிடித்தபடி நின்றார். "அப்போ இனிமே நான் யார்கிட்ட கத்துக்கிறது?" என்று கேட்டார்.

"என் கை சரியாகட்டும். நான் துடுப்புப் போடுறேன். நீங்க பின்னாடி உட்கார்ந்து, தண்ணி என்ன பண்ணுதுன்னு என்னைக் கேளுங்க."