கழுவிய உப்பு

வயிற்றெரிச்சலான கதை இது. கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

சங்கரன்கோவிலில் ஒரு சைவ வீடு. மருமகள் வடிவு நான்கு மாதக் கர்ப்பிணி. கழுத்தின் முன்பக்கம் வீங்கவே டாக்டரம்மாவிடம் போனாள்.

"தைராய்டு வீங்கியிருக்கு. அயோடின் பத்தல. பிள்ளையோட மூளை வளர்ச்சிக்கு அது வேணும்மா. வீட்டுல என்ன உப்பு?"

"அயோடின் போட்ட கல் உப்புதான். மண்ணு இருக்கும்னு அத்தை அலசிக் காய வைப்பாங்க."

டாக்டரம்மா தலையில் கைவைத்தார். "அலசினா அயோடின் தண்ணியோட போயிருமே!"

வடிவு வேகவேகமாக வீட்டுக்கு நடந்தாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் பேச்சியம்மாளை வார்த்தையால் விளாசிவிட்டாள். அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. என் பேரப்பிள்ளைக்கு நானே கெடுதல் பண்ணுவேனா?"

அப்போது புருஷன் ஐயாத்துரை செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். பெரிய மேதாவி அல்லவா!

"இதுக்குப் போய் ஏன் கத்துற? அலசினா அயோடின் போயிரும்னு எனக்கு எப்பவோ தெரியும். போனாப் போகட்டும்னு விட்டுட்டேன். இந்தக் காலத்துச் சாப்பாட்டுல அது தானா கிடைக்கும். நான் நல்லாத்தானே இருக்கேன்?"

வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க மெஸ்ல மீனும் முட்டையும் வெளுத்துக் கட்டுறீங்க! நான் இந்த வீட்டுச் சோத்தைத்தானே திங்கிறேன்? இங்க அயோடின் உள்ளது பால்தான், அதைக் குடிச்சாலே குமட்டுது எனக்கு!"

"ஏலே, மீனையா தின்ன?" என்று மகனைக் கேட்டாள் பேச்சியம்மாள்.

அவன் அசரவில்லை. "அலசினது அம்மா. நான் அந்த உப்பைத் தொட்டதுகூட இல்லை. என்னை எதுக்குத் திட்டுற?"

கழுவியது மாமியார் கை. புருஷன் கை உப்பில் படவே இல்லை. சொல்லுங்கள், வடிவின் கோபம் யார் மேல் விழுவது நியாயம்?

புருஷன் மேல்தான், இதில் என்ன சந்தேகம்? பேச்சியம்மாள் அறியாமல் செய்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பாள். அந்த ஒரு வார்த்தையை அவன் தெரிந்தே விழுங்கினான். மீனும் முட்டையும் தினம் தட்டில் விழுகிறவனுக்கு அயோடின் உப்பு அவ்வளவு அவசியமில்லாமல் இருக்கலாம். தன் தட்டைப் பார்த்து அவள் தட்டுக்கும் தீர்ப்புச் சொல்ல இவன் யார்? மறுநாள் காலை வடிவு டாக்டரம்மா கொடுத்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள் பேச்சியம்மாள்.