ஊசி போட்ட கிடாய்

பண்ணையார் சிங்காரவேலுக்குத் தலை கிறுகிறுத்தது. பருவமில்லாத காலத்திலும் கிடாய் இணையட்டும் என்று டவுனிலிருந்து ஹார்மோன் ஊசி வரவழைத்துப் போட்டார். கிடாயும் ஓயாமல் ஆடுகள்மேல் தாவியது. ஆனால் ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. மருந்து போலியா, ஆடுகள் மலடா, ஒன்றுமே புரியவில்லை.

ஆடு மேய்க்கும் மொக்கத்தாயிமேல் பாய்ந்தார். "காரணத்தச் சொல்லு, இல்லேன்னா வேலைய விட்டுப் போ!"

"சொல்ல வந்தப்பல்லாம் வாயத் திறக்காதேன்னீங்களே, முதலாளி?"

"இப்பத் திற!"

அவள் குனிந்து, கிடாயின் வயிற்றடியில் திரைபோலத் தொங்கிய சாக்கை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.

"பருவம் தப்பிக் குட்டி வேண்டாம்னு போன வருசம் நீங்க கட்டச் சொன்னது. நான் சொல்லாம அவிழ்க்காதேன்னும் சொன்னீங்க."

பண்ணையார் திருதிருவென விழித்தார். "அப்ப... ஊசி?"

"நல்லாவே வேலை செய்யுது, முதலாளி. ரெண்டைக் கிழிச்சிருச்சு, இது மூணாவது சாக்கு."