யாரும் பார்க்காத முழங்கை

ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் கருவிகளைக் கழுவும் தொட்டி. அதன் முன் நின்றுதான் மயிலாத்தாள் கேட்டாள்.

"நர்ஸ் படிப்பா, தியேட்டர் படிப்பாக்கா? எதை எழுதறது?"

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அது. மயிலாத்தாள் அங்கே ஒன்பது வருஷமாக ஆயா. வயது முப்பத்தாறு. ஆஸ்பத்திரியின் பயிற்சிப் பள்ளியில் அந்த வருஷம் அவளுக்கு ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். இரண்டில் ஒன்றை அவளே எழுதித் தர வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் கெடு. எழுதினால் எழுதியதுதான்.

அவள் கேட்டது சுகிர்தத்திடம். சுகிர்தம் தியேட்டர் டெக்னீஷியன். டாக்டர் கையை நீட்டும்போது எந்தக் கத்தரி என்று சொல்ல வேண்டியதில்லை. அது கையில் இருக்கும்.

"உனக்கு எது புடிச்சிருக்குது அம்மிணி?"

"ரெண்டும்தானுங்க. வார்டுல நர்ஸு கிருபை அக்கா வந்து நின்னாலே புலம்பற ஆளு புலம்பலை நிறுத்திடறாரு. இங்க நீங்க தட்டு வெச்சா டாக்டரே பேச்சை நிறுத்திடறாரு."

சுகிர்தம் சிரித்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில ஒரு குடலிறக்க ஆபரேஷன் இருக்குது. உள்ள வந்து நில்லு. கையை முன்னாடி கட்டிக்கோ. எதையும் தொடாத."

வெள்ளிக்கிழமை வந்த நோயாளி காளியண்ணன். போர்வெல் லாரி ஓட்டுகிறவர். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார்.

"ஏனுங்க, எத்தனை அடி போடுவீங்க?" என்று கேட்டார்.

"உங்களுக்கு நாலு அங்குலம் போதும்" என்றாள் சுகிர்தம்.

"அதுலயே தண்ணி வந்துருமுங்களா?"

சொன்னவருக்கே சிரிப்பு வரவில்லை. உதடு காய்ந்திருந்தது.

உள்ளே சுகிர்தம் கை கழுவி, கையுறை மாட்டி, பச்சைத் துணி விரித்த தட்டில் கருவிகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். கிருமி போக நீராவியில் வேகவைத்து எடுத்தவை. கையுறை போட்ட கை தவிர வேறெதுவும் அந்தத் துணியில் படக் கூடாது. மயிலாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள். கோவிலில் நிற்பது போல நின்றாள்.

முன்னால் கட்டிய கை தன்னை அறியாமல் எதையாவது தொட்டுவிடுமோ என்று அவளுக்குப் பயம் வந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். கை ஒளிந்தது. முழங்கை வெளியே நீட்டிக்கொண்டது.

டாக்டர் ஞானப்பிரகாசம் கதவைத் திறந்து வந்தார். வழி விட அவள் அரை அடி நகர்ந்தாள். முழங்கையில் துணி உரசியது.

சுகிர்தம் அந்தப் பக்கம் திரும்பி நூல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். காளியண்ணனை உள்ளே தள்ளி வரும் சக்கரச் சத்தம் கேட்டது.

மயிலாத்தாள் இரண்டு முறை மூச்சு விட்டாள்.

"அக்கா, என் முழங்கை பட்டுடுச்சுங்க."

"எங்க?"

"தட்டுத் துணியில. ஓரத்துல."

டாக்டர் திரும்பினார். "வேடிக்கை பார்க்க வந்த இடத்துல இதுவும் ஒரு வேலையா?"

சுகிர்தம் தட்டின் பக்கம் திரும்பினாள். அடுக்கிய தட்டை அப்படியே ஒதுக்கினாள். கையுறையை மாற்றிக்கொண்டு இன்னொரு கருவிக் கட்டைப் பிரிக்கச் சொன்னாள். காளியண்ணன் வாசலிலேயே இருபது நிமிஷம் காத்திருந்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மயிலாத்தாள் வெளியே போய்விட்டாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சுகிர்தம் தொட்டிக்கு வந்தபோது மயிலாத்தாள் கருவிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. விண்ணப்பம் ஜன்னல் கட்டையில் கிடந்தது.

"என்ன எழுதின?"

"இன்னும் எழுதலீங்க. நர்ஸுன்னு எழுதிடறேன். இந்தக் கைக்குத் தியேட்டர் ஆகாதுங்க."

"என் கை பட்டதே இல்லைன்னு நினைச்சியா?"

மயிலாத்தாள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"முதல் வருஷம். பித்தப்பை ஆபரேஷன். கையுறை விரல் விளக்குத் தண்டுல பட்டுச்சு. யாரும் பார்க்கலை."

"சொன்னீங்களா?"

"இல்லை. அதே கையால எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தேன்."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சுகிர்தம் அதை மூடினாள்.

"மறுநாள்ல இருந்து வார்டுக்குப் போவேன். அந்த ஆளோட காய்ச்சல் அட்டையைப் பார்ப்பேன். வந்துடுவேன். தினமும். அப்ப வார்டுல கிருபை இருந்தா. ஆறாம் நாள் அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு வழியை மறிச்சா. 'இவரு உனக்குச் சொந்தமா?'ன்னா. இல்லைன்னேன். 'அப்ப என்ன தப்புப் பண்ணின?'ன்னா."

"அய்யோ."

"சொன்னேன். வேற யார்கிட்டயும் போய் அவ சொல்லலை. 'நீயே டாக்டர்கிட்டச் சொல்லு, நான் பக்கத்துல நிக்கறேன்'னா. நின்னா. கட்டைப் பிரிச்சுக் காயத்தைப் பார்த்தாங்க. சுத்தமா இருந்துச்சு. எட்டாம் நாள் அந்த ஆளு எங்கிட்டயும் கும்பிடு போட்டுட்டு நடந்து போனாரு. இன்னிக்கும் அந்தக் கும்பிடு எனக்குச் செரிக்கலை."

மயிலாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டாள். விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

"அப்படின்னா கிருபை அக்கா வேலைதானுங்களே பெரிசு?"

"பெரிசுதான். அதுக்காகப் போறதுன்னா போ, நானே கூட்டிட்டுப் போய் விடறேன். இங்கிருந்து பயந்து ஓடி வந்தேன்னு போகாத. வாசல்லயே உன்னைக் கண்டுபுடிச்சுடுவா."

மயிலாத்தாளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"எனக்கு இந்தத் தட்டு மேலதானுங்க ஆசை. டாக்டர் அப்படிப் பேசிட்டாரே. இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படிங்க தியேட்டர்னு எழுதறது?"

சுகிர்தம் ஜன்னல் கட்டையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, ஈரம் படாமல் அவளிடம் நீட்டினாள்.

"கை ஒரு மாசத்துல பழகிடும் அம்மிணி. பட்டுச்சுன்னு வாய் திறக்க எனக்கு ஆறு நாள் ஆச்சு."