நிதானமா நாலு பேர் வேணும்

ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தாரு. பேரு சுருளி. மலையடிவாரத்து ஊரு அது, திரும்பின பக்கமெல்லாம் வாழைத்தோப்பு. சுருளிகிட்ட ஒரு குட்டியானை இருந்துச்சு. ஏய், எந்திரிக்காத, படு. நிஜ யானை இல்ல, வாழைத்தார் ஏத்துற சின்ன லாரி. டுர்ர்ர்ருனு கிளம்பும், டொக்குனு நிக்கும். ம் சொல்லு.

ம்.

அந்த ஊர்ல குடிக்காத ஆம்பளை அவர் ஒருத்தர்தான். ஆனா தினமும் சாயங்காலம் பிராந்திக்கடை வாசலுக்கு மொத ஆளா வர்றதும் அவர்தான். ஏன்னா, குடிச்சவங்க தொப்பு தொப்புன்னு விழுவாங்கல்ல, அவங்களைத் தூக்கி வண்டில போடணும். தலை இடிக்கக் கூடாதுன்னு கீழ வாழைச்சருகு பரப்பி வச்சிருப்பாரு. பிளாஸ்க்குல சுக்குக்காப்பி வேற. அப்புறம் டுர்ர்ர்ருனு வீடு வீடாப் போய், "தாயி, உங்க வீட்டுத் தார் வந்திருக்கு, இறக்கிக்கங்க"ம்பாரு.

ஊரே அவரைக் கும்பிட்டுச்சு. முன்னாடியெல்லாம் வீடு போய்ச் சேரணுமேன்னு பயந்து பயந்து குடிச்சவங்க, வண்டி இருக்குங்கிற தைரியத்துல நிம்மதியாக் குடிச்சாங்க. ஒச்சப்பன்னு ஒருத்தர், அவர் பொண்டாட்டி பேச்சி மட்டும் ஒரு நாள் கேட்டே கேட்டுட்டா. "அண்ணே, நீங்க ரொம்ப நல்லவரு. கொஞ்சம் கெட்டவரா இருந்திருந்தா எங்க வீட்டுக்காரரு பாதியோட நிறுத்தியிருப்பாரு."

"அதுக்காக ரோட்டுலயே விட்டுட்டு வரச் சொல்றியா தாயி?"ன்னாரு சுருளி. கேட்டுட்டு வண்டியைக் கிளப்பிட்டாரு.

அந்தச் சுருளிக்கு ஒரு பொண்ணு, செவந்தி. காலேஜ் படிச்சவ. ஆனா நாலு பேர் முன்னாடி பேசச் சொன்னா தரையைப் பாப்பா. சுருளி உடம்பு முடியாமப் படுத்தப்ப அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "எத்தனையோ பேரைத் தூக்கிட்டேன் தாயி. என்னைத் தூக்குற நாலு பேரும் நிதானமா இருக்கணும்." சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டாரு.

லேசான வேலையா குடுத்துட்டுப் போனாரு? அந்த ஊர்ல குடிக்காம யாரும் பாடை தூக்கினதே இல்ல. சாவு வீட்டுக்குப் பந்தல் வர்றதுக்கு முன்னாடி பாட்டில் வந்துரும்.

செவந்தி வாசப்படில, கூடியிருந்த ஊர் முன்னாடி நின்னு, தரையைப் பாத்துக்கிட்டே, அப்பா சொன்னதைச் சொன்னா. குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. ஒச்சப்பன் இடுப்புல சொருகியிருந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் திறக்காம, பேச்சி கையில குடுத்தாரு. "நாலு பேரு என்னத்தா, இன்னைக்கு ஊரே தொடாது."

சொல்லிட்டாங்க. செய்யணுமே. ம்?

ம்.

மொதல்ல பாடை கட்டணும். ஒச்சப்பன் கை வெடவெடன்னு ஆடுது, முடிச்சு விழ மாட்டேங்குது. "மாமா, ஒரு மூடி ஊத்திக்கிட்டா ஆட்டம் நின்னுரும்"னான் பக்கத்துல நின்ன முத்துக்காளை. "மொதல்ல உன் வாயைக் கட்டுறேன், அது சுலபம்"னாரு ஒச்சப்பன். செவந்தி உள்ள போய், அப்பாவோட பிளாஸ்க்குல சுக்குக்காப்பி ஊத்திக் கொண்டாந்தா. வெளக்கெண்ணெய் குடிக்கிற மூஞ்சியோட ஆளாளுக்குக் குடிச்சாங்க. ஒருவழியா முடிச்சு விழுந்துச்சு.

அப்புறம் கொட்டு. டண்டணக்க, டண்டணக்க. ஒருத்தரும் ஆடல. எல்லாச் சாவுக்கும் முன்னாடி நின்னு ஆடுற முத்துக்காளை, பொண்டாட்டி முதுகுக்குப் பின்னாடி நிக்கிறான்.

"போய் ஆடுய்யா."

"எப்படிடி ஆடுறது, எல்லாரும் பாக்குறாங்க."

இத்தனை வருஷமும் எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்கன்னு அவனுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஆட்டம் வரல. அழுகை வந்துருச்சு. அவனைப் பாத்து இன்னொருத்தன், அவனைப் பாத்து இன்னொருத்தன். கொட்டுக்காரர் குச்சியைக் கீழ வச்சுட்டாரு.

அப்படியே தூக்கினாங்க. ஒரு சாய்வு இல்ல, ஒரு குலுக்கல் இல்ல. தண்ணி தளும்பாத குடம் மாதிரி போனாரு சுருளி. செவந்தி தெருமுனை வரைக்கும் வந்து பாத்துக்கிட்டே நின்னா.

மூணாவதுதான் பெரிய சோதனை. ஆத்துல குளிச்சிட்டுத் திரும்புற வழியில கடை. கால் தானா நின்னுச்சு. "மச்சான் கேட்டது தூக்குறதுக்குத்தானே. தூக்கியாச்சுல்ல"ன்னாரு ஒச்சப்பன். எல்லாத் தலையும் ஆடுச்சு. உள்ள நுழையப் போறப்ப, பழக்கத்துல எதிர்ப்பக்கம் திரும்பிப் பாத்தாங்க. வண்டி நிக்கிற எடம் காலி.

"இப்ப நம்மள யாரு வீட்ல கொண்டு விடுறது?"

"நீ குடிக்காம இரு முத்துக்காளை. நீதான சின்னவன்."

"நான் ஏன்? உங்களுக்குத்தான் மாமா சர்க்கரை இருக்கு."

"என் சர்க்கரை உன்னை என்னடா பண்ணுச்சு?"

ஒருத்தர் நிதானமா இருந்தாப் போதும். அந்த ஒருத்தர் யாருங்கிறதுதான் தகராறு. ஒச்சப்பன் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. "மச்சான் இருந்திருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது. அவரு சாவுக்கு நிம்மதியாக் குடிச்சிருக்கலாம்." அவங்க பேசிக்கிட்டே இருக்க, நேரமாச்சுன்னு கடைக்காரர் கடகடகடன்னு ஷட்டரை இறக்கிட்டாரு. ஊரே நடந்து வீடு போச்சு. சுருளி இருந்து செய்ய முடியாததை, இல்லாமப் போய் செஞ்சுட்டாரு.

மறுநாள் காலைல செவந்தி வீட்டு வாசல்ல கூட்டம். ஒச்சப்பன் தொண்டையைக் கனைச்சாரு. "அப்பா பேரு நெலைக்கணும்ல தாயி. உனக்குத்தான் வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்திருக்காரே. சாயங்காலம் நீ எடு."

செவந்தி தரையைப் பாத்தா. பேச்சி அத்தை அன்னைக்கு அப்பாகிட்டக் கேட்டதுக்குப் பதில் இன்னும் பாக்கி இருக்குன்னு தோணுச்சு.

"ஓட்டுறேன் மாமா. ஆனா காலைல மட்டுந்தான்."

"காலைல கடை திறக்காதே தாயி."

"தோப்பு திறந்திருக்கும்ல மாமா. தார் ஏத்தணும்."

அப்புறம் ஊரே குடியை விட்டுருச்சா?

எங்க விட்டுச்சு. நடந்து வீடு சேர்ற அளவுக்குக் குடிக்கக் கத்துக்கிச்சு, அவ்வளவுதான். பேச்சி வீட்டுத் தார் இப்பல்லாம் தானா வந்து இறங்கிக்குது.

அந்த வண்டி இப்ப எங்க இருக்கு, அம்மா?

நாளைக்குக் காலைல உன்னை ஸ்கூல்ல கொண்டு விடுமே, டுர்ர்ர்ருனு, அதுதான்.

ம்...

சருகு பரப்பியாச்சு, தலை இடிக்காது. கதை வீடு வந்து சேந்துருச்சு. தூங்கு தாயி.