முப்பத்தொன்றாம் ஜோடி

"சாம்பிள்னு வாங்கிட்டுப் போன அந்த ஆளு திருடனுங்க" என்றார் துரைக்கண்ணு. பெயரைச் சொன்னால்கூட வாய் நாறிவிடும் என்பதுபோல் முகத்தைச் சுளித்தார்.

மார்செலின் இழைப்பதை நிறுத்தவில்லை. போத்தனூரில் கிடார் செய்கிறவள் அவள். வயது நாற்பது. துரைக்கண்ணுவுக்கு ஐம்பத்தெட்டு. லாரி கிளீனராகத் தொடங்கி மரவாடி முதலாளியானவர். கிடார் செய்யக் கற்க வேண்டும் என்று ஒருநாள் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றார். அவள் அவரிடம் முதலில் கொடுத்த வேலை பலகை இருப்பைப் பார்த்துக்கொள்வது.

ரேக்கில் நூற்று நாற்பது ஜோடிகள். ஒரு கட்டையை நடுவில் பிளந்து புத்தகம்போல் விரித்தால் இரண்டு பக்கமும் ரேகை ஒன்றுக்கொன்று முகம் பார்க்கும். அதுதான் கிடாரின் முதுகு. மாதாமாதம் ஒவ்வொரு பலகையையும் எடை போட்டு, விளிம்பில் ஜோடி நம்பருக்குக் கீழே பென்சிலால் குறிப்பாள். ஒரு மழைக்காலம் தாண்டியும் எடை மாறாத ஜோடியைத்தான் வேலைக்கு எடுப்பாள். முப்பத்தொன்றாம் ஜோடி ஈட்டி மரம். துரைக்கண்ணுவின் முதல் கிடாருக்கென்று அவள் ஒதுக்கியது.

அந்த ஜோடியில் ஒரு பலகையைத்தான், மைசூரிலிருந்து மரம் வாங்க வந்த, கிடார் செய்கிற ஒருவருக்கு, பேரம் படியட்டும் என்று துரைக்கண்ணுவே உருவிக் கொடுத்திருந்தார். மரவாடியில் அதுதான் வழக்கம். ஒரு மரத்துப் பலகை எல்லாம் ஒரே சரக்கு. வந்தவர் இரண்டு மாதமாகத் திரும்பவில்லை.

"போனாப் போகுதுங்க வாத்தியாரம்மா. அதே மரத்துல அறுத்தது இன்னும் ஆறு ஜோடி கிடக்குது."

மார்செலின் மிச்சமிருந்த பாதியை மேசைமேல் வைத்தாள். "இதுக்கு ஜோடி எடுங்கண்ணா."

பன்னிரண்டு பலகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றின் ரேகை வழுக்கியது. இன்னொன்று ஒரு விரல் கீழே இறங்கியது. மத்தியானம் ஆனது. ஏழாவது ஏறக்குறைய வந்தது.

"கொஞ்சம் கறுப்பா பாலிஷ் போட்டா எவனுக்குங்க தெரியும்?"

"உங்களுக்கு."

அப்படியானால் இந்த ஒற்றைப் பலகையை வேறு எதற்காவது அறுத்துவிடலாம், இடமாவது மிஞ்சும் என்றார். அவள் பலகையை அதன் இடத்தில், காற்றோட இடையில் குச்சி கொடுத்து வைத்தாள். பக்கத்தில் இன்னொரு பலகைக்கான இடத்தைக் காலியாக விட்டாள். மாதம் பிறந்ததும் அதையும் மற்றவற்றோடு எடை போட்டாள்.

ஐப்பசி மழையில் ரேக் இருந்த மேற்குச் சுவரில் ஓதம் ஏறியது. எல்லாப் பலகையையும் ஒரே நாளில் எதிர்ச் சுவருக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவள் நம்பரைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் கையில் ஏந்தி, ஒரு தட்டுத் தட்டி, அதனதன் ஜோடியோடு சேர்த்தாள். எந்தச் சரக்கிலும் ஒரு குறை கண்டுபிடித்து விலையை இறக்கிப் பழகிய துரைக்கண்ணு, பின்னாலேயே போய் நம்பர்களைச் சரிபார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

தை மாதம் மைசூர்க்காரரிடமிருந்து போன் வந்தது. சாம்பிள் என்றால் கொடுத்தது கொடுத்ததுதான் என்று நினைத்துவிட்டாராம். அந்தப் பலகையைத் தட்டிப் பார்த்த நாளிலிருந்து வேலைக்கு அறுக்க மனசு வரவில்லையாம். இத்தனை நாளும் அதற்குத் துணை தேடியிருக்கிறார். மற்ற பாதியைக் கொடுத்தால் கேட்ட விலை தருகிறேன் என்றார். உங்களிடமிருப்பதைத் திருப்பித் தருவீர்களா என்று மார்செலின் கேட்டதற்கு, அது மட்டும் முடியாது என்று போனை வைத்துவிட்டார்.

துரைக்கண்ணு கொதித்தார். "பாத்தீங்களா? என் பலகையை வெச்சிக்கிட்டு எனக்கே விலை பேசறான். இருங்க. நாலு மடங்கு சொல்லி ஆளை மண்டி போட வைக்கறேன்."

மார்செலின் எழுந்து போய் ரேக்கிலிருந்த பாதியை எடுத்தாள். பழைய பருத்திப் புடவைத் துண்டில் சுற்றி, கயிறு கட்டி, அவர் கையில் வைத்தாள்.

"மைசூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குதுங்கண்ணா. கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்க. விலை பேச வேண்டாம்."

"அப்ப என் கிடாருங்க?"

"இதுக்கு வேற ஜோடி கிடையாதுன்னு தேடிப் பாத்தது நீங்கதான். பிரிச்சதும் நீங்கதான். போய்ச் சேர்த்து வைங்க."