வாகைமரத்தடிக்குத் திரும்பிய எறும்புகள்

காட்டு ஏரியின் கரையில் நின்ற வாகைமரத்தின் வேரடியில் ஓர் எறும்புக் கூட்டம் புற்று அமைத்து வாழ்ந்தது. பன்னிரண்டு அறைகள். வாசலைத் தாண்டினால் புல்லரிசி கொட்டிக் கிடக்கும். ஏரி ஒருநாள் கரை மீறக்கூடும் என்று, மேட்டில் இருந்த பாறையின் இடுக்கிலும் அவை சின்னதாக ஒரு புற்றைத் தோண்டி வைத்திருந்தன.

ஐப்பசியில் அந்த நாள் வந்தது. தண்ணீர் வேரைத் தொட்டதும் எறும்புகள் ராணியையும் முட்டைகளையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறின. அறைகளில் சேர்த்து வைத்திருந்த புல்லரிசியில் பாதியை விட்டுவர வேண்டியிருந்தது. ஆனால் ஒரு முட்டைகூடச் சேதமாகவில்லை.

மேட்டில் நாற்பது நாள் கழிந்தது. ராணி புதிய முட்டைகள் இட்டாள். புதிய புல்லரிசியும் சேர்ந்தது. இடம்தான் போதவில்லை. ஒருத்தி திரும்பிப் படுத்தால் நான்கு பேர் எழுந்துகொள்ள வேண்டியிருந்தது. இரை தேடவும் வெகுதூரம் போக வேண்டும்.

மழை விட்டு நல்ல வெயில் அடித்த அன்று, எறும்பு வரிசைகளை நடத்தும் பூவரசி எல்லாரையும் கூப்பிட்டாள். நாளைக் காலையிலேயே ராணி, முட்டை, உணவு எல்லாவற்றோடும் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்றாள். கூட்டம் ஆடிப்பாடியது.

முட்டைகளைக் காக்கும் தும்பைக்கும் வீட்டு ஆசை இருந்தது. ஆனாலும் அவள், முதலில் நான்கு பேர் போய்ப் பார்த்து வரட்டும் என்றாள். சொந்த வீட்டுக்குப் போக வேவு எதற்கு என்று பூவரசி சலித்துக்கொண்டாள். கடைசியில் இருவருமே இன்னும் இரண்டு பேரோடு இறங்கிப் போனார்கள்.

வாகைமரத்தடியில் வாசல் திறந்தே இருந்தது. மேல்மண் பொருபொருவென்று காய்ந்திருந்தது. பூவரசி உள்ளே ஓடப் போனாள். அப்போது கீழறையிலிருந்து ஒரு குரல் வந்தது. வெள்ளம் அரித்த குழியில் ஒரு தேரை குடியேறியிருந்தது.

"வாங்க தங்கச்சி, உங்க வீட்டை நான்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. முட்டைகளோட எல்லாரும் ஒண்ணா வந்து சேருங்க" என்றது தேரை.

பூவரசியின் முகம் மலர்ந்தது. தும்பை அவள் காலைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரொம்ப நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். ஈரம் இல்லாத இடத்தில் உங்க தோல் வெடிச்சுப் போகுமே. நீங்க எப்படி இருக்கீங்க?"

தேரை வாயைத் திறந்தது. பதிலுக்கு நாக்குதான் நீண்டு வந்தது. நால்வரும் துள்ளி விலகித் தப்பினார்கள்.

வேர்மேல் ஏறி மூச்சு வாங்கியபடி பூவரசி மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "முட்டைகளையும் தூக்கி வந்திருப்பேனே" என்றாள்.

மறுநாள் பூவரசியே நூறு எறும்புகளோடு வந்தாள். வெள்ளத்தில் அடைபட்டிருந்த காற்றுத் துளைகளை வெளியிலிருந்தே ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். காற்றும் வெயிலும் உள்ளே புகுந்து குழியின் ஈரத்தை உலர்த்தின. மூன்றாம் நாள் தேரைக்கு முதுகு அரித்தது. நான்காம் நாள் அது முனகிக்கொண்டே ஏரியைப் பார்த்துத் தாவிப் போனது. எறும்புகள் வயிறு குலுங்கச் சிரித்தன.

அதன் பிறகு அறைகளைத் துப்புரவு செய்தார்கள். விட்டுப்போன புல்லரிசி முளைவிட்டுப் பூசணம் பூத்துக் கிடந்தது. ஆசையாகச் சேர்த்தது, புதியதோடு கலந்து வைத்துக்கொள்ளலாமா என்று பூவரசி கேட்டாள். கலந்தால் நல்லதும் கெட்டுப் போகும், இப்போது நம் உணவு என்பது மேட்டில் இருப்பதுதான் என்றாள் தும்பை. பூவரசி பெருமூச்சு விட்டபடி பழையதை வெளியே தள்ளினாள்.

குழியை அடைத்து முடித்ததும் முதலில் பத்து முட்டைகளை மட்டும் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் பார்த்தார்கள். முட்டைகள் வாடவில்லை. பிறகு ஐம்பது, அதன் பிறகு ஐந்நூறு. எல்லாம் சரியென்று ஆனபோது ராணியை அழைத்து வந்தார்கள். அவள் தன் பழைய அறையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கால்களை நன்றாக நீட்டி உட்கார்ந்தாள்.

மேட்டுப் புற்றை மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது. இரை தேடி வெகுதூரம் போன ஐந்து பேர் இன்னும் திரும்பவில்லை. அவர்கள் வந்து காலிப் புற்றைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? தும்பை ஏதும் சொல்வதற்குள் பூவரசி எழுந்தாள்.

"நான் மேட்டில் இருக்கிறேன். கடைசி ஆள் வந்த பிறகு வருகிறேன்."

இரண்டு நாள் அவள் பாறை வாசலில் தனியாகக் காத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில், ஒரு முழுத் தினைக்கதிரை இழுத்துக்கொண்டு ஐவரும் வந்தார்கள். ஆளரவம் இல்லாத புற்றைக் கண்டு மிரண்டு நின்றார்கள். பூவரசி ஓடிப்போய் ஒவ்வொருத்தியின் முகத்தையும் தடவினாள். எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள், நீங்கள்தான் பாக்கி என்றாள். கிளம்புமுன் மேட்டுப் புற்றைப் பெருக்கி, ஒரு மூலையில் கொஞ்சம் புல்லரிசியும் வைத்தாள்.

தினைக்கதிர் முன்னே வர, ஆறு பேரும் வாகைமரத்தடிக்கு இறங்கியபோது மொத்தக் கூட்டமும் வாசலுக்கு வந்துவிட்டது. அன்று எல்லாருக்கும் தினை விருந்து. பூவரசிக்கு முதல் மணியைத் தும்பை ஊட்டிவிட்டாள்.

ஆபத்துக்குத் தப்பி ஓடும்போது எவ்வளவு வேகம் தேவையோ, பழைய இடத்துக்குத் திரும்பி வரும்போது அவ்வளவு நிதானம் தேவை.